ஆப்ஷனல் பாராமீட்டர் வச்ச க்வெரியை திரும்ப யூஸ் பண்றப்போ இங்க மாட்டிக்காதீங்க

கோத்தகிரில எங்ககூட வேலை கத்துக்க வந்திருக்கிற தம்பிங்க ரெண்டு பேரு எழுதுன ஜாங்கோ (பைத்தான்ல வெப் ஆப் கட்டுற ஃப்ரேம்வொர்க்) கோடைப் பார்த்ததும் வயித்தைப் பிசைஞ்சுது, வரிக்கு வரி நான் முன்ன தப்பா எழுதுனதேதான். க்வெரின்னா டேட்டாபேஸ்கிட்ட டேட்டா கேக்குறது, ஆப்ஷனல் பாராமீட்டர்னா குடுக்காமலும் விடலாம்னு வச்ச உள்ளீடு.

## படிக்க எழுதுன க்வெரியை வச்சு டேட்டாவை மாத்துறது

நினைச்சா இன்னும் எரிச்சல் வருது. ஒரு தேயிலை ஃபேக்டரிக்கு கொழுந்து கணக்கு ஆப் பண்ணோம். தினமும் எடை போட்டு மெம்பர் நம்பர்ல கிலோ ஏத்துவாங்க, மாசக் கடைசில ரேட் போட்டு பணம். ரிப்போர்ட்டுக்கு ஒரு ஃபங்ஷன் எழுதினேன்: மெம்பர் குடுத்தா அவர் என்ட்ரி மட்டும், நன் (None, பைத்தான்ல "ஒண்ணும் குடுக்கல"ன்னு அர்த்தம்) வந்தா அந்த ஃபில்டரையே விட்டுட்டு எல்லாம் வரும். அருமையா ஓடுச்சு. அப்புறம் ஒருத்தரோட ரேட்டைத் திருத்துற ஸ்க்ரீன் கேட்டாங்க, அதே ஃபங்ஷனை எடுத்து பின்னாடி அப்டேட்டை ஒட்டிட்டேன். ஃபார்ம்ல மெம்பர் கட்டத்தை கட்டாயம்னு வைக்கல. ஒரு நாள் அங்க இருந்த அக்கா அதை நிரப்பாம சேவ் அமுக்க, உள்ள போனது நன், அந்த மாசத்து அத்தனை பேர் ரேட்டும் மாறிப்போச்சு. எரரே வரல, பச்சைக் கலர்ல "சேவ் ஆயிடுச்சு"ன்னு வந்துச்சு. எடை நோட்டை வச்சு ஒத்துப் பார்த்து முடிக்க ரெண்டு ராத்திரி ஆச்சு, அதுக்குள்ள பணம் வாங்க மழையில நனைஞ்சுட்டு வந்தவங்க வெறுங்கையோட திரும்பிப் போனாங்க. அக்கா மேல தப்பே இல்ல, நன்னுக்கு "எல்லாரும்"னு அர்த்தம் குடுத்தது நான்.

தேடுறதுக்கு ஆப்ஷனல் வச்சுக்கோங்க. மாத்துற, அழிக்கிற ஃபங்ஷன்ல மெம்பர் கட்டாயம், டீஃபால்ட்டே குடுக்காதீங்க. ஜாங்கோல அப்டேட் எத்தனை வரி மேட்ச் ஆச்சுன்னு நம்பரா திருப்பித் தரும். எல்லாத்தையும் ஒரு டிரான்ஸாக்‌ஷனுக்குள்ள வச்சு (நடந்தா மொத்தமா நடக்கும், இல்லேன்னா ஒண்ணுமே நடக்காது), அந்த நம்பர் நீங்க எதிர்பார்த்ததைவிட கூடுனா எக்ஸெப்ஷன் எறிஞ்சு ரோல்பேக் பண்ணுங்க, அதாவது பழைய நிலைக்கே திருப்பிடுங்க.

## சைபரை காலின்னு எடுத்துக்கிறது

மழையில்லாத நாள்ல ஈரக் கழிவு (கொழுந்து ஈரத்துக்காக எடையில கழிக்கிறது) 0. "இஃப் கழிவு"ன்னு மட்டும் எழுதுனா பைத்தான் 0-வையும் இல்லைன்னே எடுத்துக்கும், ஃபில்டர் விட்டுப்போய் மழை நாள் என்ட்ரியும் சேர்ந்து வரும். "இஸ் நாட் நன்"னு செக் பண்ணுங்க. யூஆர்எல்ல இருந்து வர்ற காலி ஸ்ட்ரிங் நன் கிடையாது, அதைத் தனியா பாருங்க.

## நன்னை அப்படியே ஃபில்டருக்குக் குடுக்கிறது

அது எஸ்கியூஎல்ல (டேட்டாபேஸ் மொழி) "இஸ் நல்"லா மாறிடும், அந்தக் கட்டம் காலியா இருக்கிற வரி மட்டும்தான் வரும், எல்லாம் வராது.

## ஃபில்டர் போட்டுட்டு வேரியபிள்ல வாங்காம விடுறது

பழைய க்வெரிசெட் (ஜாங்கோல ஒரு க்வெரியோட வரிகளைக் குறிக்கிற பொருள்) மாறாது, புதுசா ஒண்ணுதான் வரும். தம்பிங்க கோடுல இது மூணு இடத்துல இருக்கு.