திருக்கை வளர்ப்பில் நான் செய்த தவறுகள், நீங்கள் செய்ய வேண்டாதவை

புதிதாகத் திருக்கை வாங்கியவர்கள் காட்டும் தொட்டிகளைப் பார்த்தால் என் பழைய தொட்டியையே பார்ப்பதுபோல இருக்கிறது. தண்ணீரைச் சோதிப்பது, தீனியை அளவாகப் போடுவது எல்லாம் மீன் வளர்க்கும் எவருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் கூட்டினால் பழகிவிடும்"

இதைக் கேட்டால் இன்றும் எனக்குக் கோபம் வரும். என்னிடம் மோட்டோரோ என்ற ஆற்றுத் திருக்கையின் குட்டி ஒன்று இருந்தது. பழுப்பு முதுகு, கறுப்புக் கரை போட்ட மஞ்சள் வட்டங்கள். நான் கையை நீட்டினால் மேலே வந்து புழுவை வாங்கிக்கொள்ளும். "திருக்கை கடல் மீன்தானே, வாரம் கொஞ்சம் உப்பு சேர்த்துக் கடல்நீருக்கு மாற்றிவிடு" என்றார் விற்றவர். நம்பிச் செய்தேன். மூன்றாம் வாரம் இரை எடுப்பதை நிறுத்தியது. அப்புறம் ஒருநாள் காலையில் பார்த்தால், உடலின் விளிம்பு காய்ந்த இலைபோல மேல்நோக்கிச் சுருண்டிருந்தது. அன்று இரவே போய்விட்டது.

காரணம் பிறகுதான் புரிந்தது. கடல் திருக்கை தன் இரத்தத்தில் யூரியாவைத் தேக்கி வைத்திருக்கிறது. அதனால்தான் உப்புநீர் அதன் உடலிலிருந்து தண்ணீரை உறிஞ்சிவிடுவதில்லை. மிஞ்சும் உப்பை வெளியேற்ற அதற்குத் தனிச் சுரப்பி உண்டு. மோட்டோரோ போன்ற தென்னமெரிக்க ஆற்றுத் திருக்கைகள் நன்னீரிலேயே வாழ்ந்து வாழ்ந்து இந்த இரண்டு திறனையும் இழந்துவிட்டன; அந்தச் சுரப்பி அவற்றில் சுருங்கிச் செயலற்றுவிட்டது. உப்பில் போட்டாலும் அவற்றால் போதிய யூரியாவைச் சேர்க்க முடியாது. எவ்வளவு மெதுவாகக் கூட்டினாலும் இழந்த திறன் திரும்பாது. போதாததற்கு, உப்பு ஏற ஏற, மீன் கழிவின் அம்மோனியாவை நீக்கும் ஃபில்டரின் நன்னீர் பாக்டீரியாவும் நலிந்து, அம்மோனியா ஏறும். எந்த மீனையும் வதைக்கும் அம்மோனியாவைத் திருக்கை கொஞ்சமும் தாங்காது.

கடல் திருக்கையை நன்னீரில் விட்டால் இதற்கு நேர்மாறாக நடக்கும், தண்ணீர் உடலுக்குள் புகுந்துகொண்டே இருக்கும். அட்லாண்டிக் திருக்கை ஃபுளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் ஆற்றில் நிரந்தரமாகவே வாழ்கிறதே என்று சிலர் கேட்பார்கள். வாழ்கிறது, உண்மைதான். அது அந்த இனத்துக்கு உள்ள திறன். மற்ற இனங்களிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது. ஆகவே, இனத்தின் பெயர் உறுதியாகத் தெரியாமல் எந்தத் திருக்கையையும் வாங்காதீர்கள்.

உயரமான தொட்டி

திருக்கைக்கு வேண்டியது தரை. உள்ளங்கை அளவில் வாங்கும் மோட்டோரோ குட்டி அரை மீட்டர் அகலத்துக்கு வளரும். தொட்டியின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையே அது தாராளமாகத் திரும்ப இடம் வேண்டும். "டீகப்" என்ற பெயரில் விற்கப்படுபவையும் குட்டிகள்தான், அந்த அளவிலேயே நின்றுவிடும் இனம் எதுவும் கிடையாது.

கூரான சரளைக்கல்

வேண்டாம். மெல்லிய மணல் போடுங்கள், இல்லையென்றால் வெறும் தரையாகவே விடுங்கள்.

மூடாத ஹீட்டர்

திருக்கை அதன்மேல் போய்ப் படுத்துக்கொள்ளும், வயிறு வெந்துவிடும். காப்புக்கூடு போடுங்கள்.

செப்பு கலந்த மருந்து

நன்னீரோ கடல்நீரோ, திருக்கைக்கு அது விஷம்.

அழகுக்காக நீலப்புள்ளித் திருக்கை

கடல்நீரில் தொடங்குபவர்கள் முதலில் ஆசைப்படுவது இதற்குத்தான். தொட்டிக்கு வந்தபின் இரையைத் தொடாமலே மெலிந்து சாவது இதில் அதிகம். கரீபியன் கடலின் மஞ்சள் திருக்கை இதைவிட எளிதாகப் பழகும். எதை வாங்கினாலும், அது இரை எடுப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு வாங்குங்கள்.

வலையால் பிடிப்பது

வால்முள்ளின் இரு பக்கமும் ரம்பப் பற்கள் இருக்கும். அவை வலையில் மாட்டிக்கொண்டால், விடுவிக்கப் போகும் கைக்குத்தான் ஆபத்து. அகலமான பிளாஸ்டிக் டப்பை மெதுவாக நீருக்குள் இறக்கி, திருக்கையை அதற்குள் ஒதுக்கி, தண்ணீரோடு தூக்குங்கள். குத்திவிட்டால், கை பொறுக்கும் சூட்டில், 45 டிகிரி செல்சியசைத் தாண்டாத வெந்நீரில் காயத்தை அமிழ்த்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். முள் உள்ளே ஆழமாகப் பதிந்திருந்தால் நீங்களாகப் பிடுங்க வேண்டாம்.