பெடல் ஸ்டீல் கிட்டாருக்கு ஏற்ற ரிவர்ப் பெடல்: வேலூர் மேடைகளில் வாசிப்பவர்களுக்கு

பெடல் ஸ்டீல் கிட்டாரைக் கிடையாக வைத்து, தந்திகளின் மேல் உலோகப் பார் ஒன்றை நகர்த்தி, உட்கார்ந்தபடி வாசிக்கிறோம். அதை வாசிப்பவருக்கு மேடையில் சும்மா இருக்கும் கால் என்று ஒன்று கிடையாது. இடது கால் சுருதியை மாற்றும் மிதிகளின் மேல் இருக்கிறது. முழங்கால்கள் லீவர்களைத் தள்ளுகின்றன. வலது கால் வால்யூம் பெடலை விட்டு நகர்வதே இல்லை. ஆகவே நின்றுகொண்டு வாசிக்கும் கிட்டார் கலைஞர்களுக்குச் சொல்லப்படும் ஆலோசனையில் பாதி நமக்குப் பொருந்தாது. அவர்கள் ஒரு ரிவர்ப் பெடலின் (அறையில் ஒலி எதிரொலித்து நீள்வது போன்ற பின்னொலியைச் சேர்க்கும் கருவியின்) கால் சுவிட்ச் எப்படி இருக்கிறது, அதில் எத்தனை முன்னமைப்புகளைச் சேமித்து வைக்கலாம் என்று பார்ப்பார்கள். நாம் பார்க்க வேண்டியது, உட்கார்ந்தபடி கை நீட்டினால் திருகுகள் எட்டுமா, மேடை வெளிச்சத்தில் அவை எந்த இடத்தில் நிற்கின்றன என்று தெரியுமா, ஒரு தந்தியை மீட்டிவிட்டு அடுத்ததற்குக் கை திரும்புவதற்குள் ஒரு திருகை மாற்ற முடியுமா என்பவற்றை. திரையும் பட்டியலுமாக, ஓர் அமைப்புக்குள் இன்னோர் அமைப்பைத் தேடிப் போக வேண்டிய பெடல்கள் எவ்வளவு உயர்ந்தவையாக இருந்தாலும் இந்த வாத்தியத்துக்கு ஏற்றவை அல்ல என்பதே என் கருத்து. மிக்ஸ் (ரிவர்ப்பின் அளவு), டிகே (அது தேயும் நேரம்), டோன் (அதன் ஒலித்தன்மை) என்று மூன்று திருகுகள் வெளிப்படையாக இருந்தால் போதும். பெடலைத் தரையில் வைக்காமல், ஸ்டீலின் முன்காலில் ஒரு சிறிய தட்டைப் பொருத்தி அதில் வைப்பது நல்லது.

அடுத்தது வால்யூம் பெடல். சாதாரண கிட்டாரில் தந்தியை மீட்டியதும் ஒலி உச்சத்துக்குப் போய்ப் பிறகு தேய்கிறது. அந்தத் தேய்வின் இடைவெளியில்தான் ரிவர்ப் வெளியே கேட்கிறது. ஸ்டீல் வாசிப்பவரோ மீட்டும்போது வலது காலைப் பாதி அழுத்தத்தில் வைத்திருந்து, ஒலி தேயத் தேயக் காலை மேலும் அழுத்தி அதைச் சமன் செய்கிறார். ஸ்வரம் தேயாமல் நிற்கிறது. ரிவர்ப்புக்குள் ஒலி இடைவிடாமல் போய்க்கொண்டே இருக்கிறது. ஒரே அளவு ரிவர்ப் சாதாரண கிட்டாரில் இதமாகவும் ஸ்டீலில் சேறாகவும் கேட்பதற்கு இதுவே காரணம். மிக்ஸ் திருகின் முதல் கால் பகுதியில் நுணுக்கமாக வேலை செய்யும் பெடல்தான் நமக்கு வேண்டும். சில பெடல்களில் அந்தத் திருகு பூஜ்யத்தை விட்டு நகர்ந்த உடனேயே ஒலி வெள்ளமாகப் பாய்கிறது. அவற்றைக் கடையிலேயே விட்டுவிடலாம். வரிசையைப் பொறுத்தவரை வாத்தியம், வால்யூம் பெடல், டிலே (ஒலியைச் சற்றுத் தாமதித்து மீண்டும் ஒலிக்கும் பெடல்) இருந்தால் அது, அதன் பிறகு ரிவர்ப், கடைசியில் ஆம்ப் (ஒலிபெருக்கி) என்று இணைக்க வேண்டும். ரிவர்ப்பை வால்யூம் பெடலுக்கு முன்னால் போட்டால், காலை எடுத்த கணமே பின்னொலியும் வெட்டுப்பட்டுப் போகும்.

வகைகளில், கம்பிச்சுருளை அதிரவைத்துப் பின்னொலி தரும் ஸ்பிரிங் ரிவர்ப்தான் இந்த வாத்தியத்தின் பரம்பரைச் சொத்து. ஃபெண்டர் நிறுவனம் 1961-இல் தனிப் பெட்டியாக ஒரு ஸ்பிரிங் ரிவர்ப்பை வெளியிட்டது. 1963-இல் வந்த ட்வின் ரிவர்ப் ஆம்ப் அதை உள்ளேயே கொண்டிருந்தது. அமெரிக்க நாட்டுப்புற இசைத் தட்டுகளில் நாம் கேட்டுப் பழகிய ஸ்டீல் ஒலியில் பெரும்பங்கு இத்தகைய ஆம்ப்களின் வழியாக வந்ததே. ஆயினும் ஸ்பிரிங்குக்கு ஒரு குணம் உண்டு: கூர்மையான மீட்டலுக்கு அது சொட்டுச் சொட்டாகப் பதில் சொல்லும். விரல் பிக்குகளால் மேல் தந்திகளை வேகமாக மீட்டினால் அந்தச் சொட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து இடைஞ்சல் செய்யும். வால்யூம் பெடலால் ஒலியை மெல்ல எழுப்பும்போதோ, மீட்டலின் முனையே கேட்காததால், ஸ்பிரிங்கின் அந்தச் சிறப்பும் கேட்காது. பிளேட் ரிவர்ப் வேறு விதம். 1957-இல் ஜெர்மனியின் ஈஎம்டி நிறுவனம் வெளியிட்ட 140 என்னும் கருவியில், ஒரு மீட்டருக்கு இரண்டு மீட்டர் அளவுள்ள மெல்லிய எஃகுத் தகடு ஒன்று தொங்கவிடப்பட்டு அதிரவைக்கப்பட்டது. தனித்தனி எதிரொலிகள் காதில் படாமல், தொடக்கத்திலிருந்தே அடர்த்தியாக எழுந்து வழவழப்பாகத் தேயும் அதன் தன்மையை இன்றைய பெடல்கள் எண்முறையில் பின்பற்றுகின்றன. நீண்டு நிற்கும் ஸ்டீல் ஸ்வரத்தின் பின்னால் அமைதியாக நிற்கக் கூடியது இந்த பிளேட் வகைதான். ஒரே ஒரு வகை நன்றாக இருக்கும் பெடலை வாங்குவதென்றால் நான் பிளேட்டைத்தான் கேட்பேன்.

இதைக் காதால் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஈ9 என்னும் வழக்கமான தந்திச் சுருதி அமைப்பில் மூன்றாம், நான்காம், ஐந்தாம் தந்திகள் ஜி ஷார்ப், ஈ, பி என நிற்கின்றன. அது ஈ மேஜர் என்னும் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம். அந்த மூன்றையும் மீட்டிவிட்டு, ஏ, பி என்று அழைக்கப்படும் இரண்டு மிதிகளையும் சேர்த்து அழுத்தினால் ஜி ஷார்ப் அரைச் சுரம் ஏறி ஏ ஆகும், பி ஒரு முழுச் சுரம் ஏறி சி ஷார்ப் ஆகும், ஈ அசையாது. இப்போது கிடைப்பது ஏ மேஜர். சுருதி மாறிவிட்டாலும் ரிவர்ப்புக்குள் பழைய ஜி ஷார்ப் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும். அது புதிய ஏ-யோடு அரைச் சுர இடைவெளியில் உரசும். அந்த உரசல் ஒரு கணம் இனிமையாக இருந்து மறைந்தால் பெடல் சரி. அடுத்த தாளத்தட்டு வரும்வரை அது நீடித்தால் டிகே அதிகம், அல்லது அந்தப் பெடலின் பின்னொலியே தெளிவற்றது. நிமிடத்துக்கு 80 தட்டு என்னும் நடையில் ஒரு தட்டு முக்கால் விநாடி, நான்கு தட்டு கொண்ட ஒரு சுற்று மூன்று விநாடி. ஒரு சுற்றுக்கு ஒரு முறை கார்டு மாறும் பாட்டில் ஒன்றரை முதல் இரண்டு விநாடி வரை டிகே வைத்தால், கார்டு மாறுவதற்குள் பழைய ஒலி பெரும்பாலும் அடங்கிவிடும். கோட்டுவாத்தியம் கேட்டுப் பழகிய காதுகளுக்கு இது எளிதில் விளங்கும்: கமகத்தில் ஸ்வரம் எங்கே புறப்பட்டு எங்கே நிற்கிறது என்பது தெளிவாகக் கேட்க வேண்டும், நடுவழியெல்லாம் கறையாகப் படியக் கூடாது.

இதே காரணத்தால், பின்னொலியில் கோரஸ் போன்ற சுருதி அசைவைச் சேர்க்கும் பெடல்களில் அந்த அசைவை முழுவதும் நிறுத்த முடியுமா என்று பார்க்க வேண்டும். ஸ்டீலில் ஃப்ரெட் வழிகாட்டும் கோடு மட்டுமே. சுருதி சேர்வது காதால். அசையும் பின்னொலி திரும்பி வந்து காதை ஏமாற்றினால், பார் சரியான இடத்தில் இருந்தும் கை தேவையில்லாமல் திருத்தப் போகும். ஒரு ஆக்டேவ் மேலே சேர்த்துத் தரும் ஷிம்மர் வகை இந்த வாத்தியத்துக்குத் தேவையே இல்லை.

இனி நம் ஊர் மண்டபங்களுக்கு வருவோம். காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் இராணிப்பேட்டையிலும் உள்ள கல்யாண மண்டபங்களில் பெரும்பாலானவை பளிங்கோ டைல்ஸோ பதித்த தரையும், கான்கிரீட் கூரையும், பெயிண்ட் அடித்த சுவரும் கொண்டவை. இவை ஒலியை மிகக் குறைவாகவே உறிஞ்சும். அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சாபின் வகுத்த கணக்குப்படி, ஓர் அறையில் ஒலி 60 டெசிபல் தேயும் நேரம், அதன் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சலால் வகுத்தால் கிடைக்கும். 30 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம் உள்ள மண்டபத்தின் கன அளவு 2,700 கன மீட்டர். தரை, கூரை, சுவர் எல்லாம் சேர்ந்து 1,440 சதுர மீட்டர். கதவு, ஜன்னல், திரைச்சீலை, நாற்காலி எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி உறிஞ்சலைப் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால் தேயும் நேரம் சுமார் 3 விநாடி. அதே மண்டபத்தில் 500 பேர் வந்து உட்கார்ந்தால், ஆளுக்கு அரைச் சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவாக உறிஞ்சுவார்கள் என்று கொண்டால், அது சுமார் 1.2 விநாடியாகக் குறைந்துவிடும். மாலை நான்கு மணிக்கு வெறும் நாற்காலிகளுக்கு முன்னால் ஒலி சரிபார்த்து வைத்த ரிவர்ப், ஏழு மணி வரவேற்புக்குக் கூட்டம் நிறைந்ததும் வறண்டுபோனதாகத் தோன்றுவது இதனால்தான். கைக்கு எட்டும் மிக்ஸ் திருகை முதலில் வலியுறுத்தியதன் முழுப் பயன் இந்த இடத்தில் தெரியும். காலி மண்டபத்தில் திருகை ஏறக்குறைய மூடியே வைத்துவிட்டு, கூட்டம் வந்தபின் முதல் பாட்டிலேயே மெல்லத் திறக்கலாம்.

உயரமான கூரை உள்ள பழைய தேவாலயங்களில் பாமாலைப் பாட்டுகளுக்கு வாசிக்கும்போது பல நேரங்களில் பெடலையே அணைத்துவிடலாம். திறந்தவெளி அதற்கு நேர்மாறு. ஊரீசு கல்லூரி மைதானம் போன்ற வெட்டவெளியிலோ, ஆடிக் கிருத்திகைக்குத் தெருவில் போடப்படும் மேடையிலோ ஒலி திரும்பி வருவதற்குச் சுவரே இருக்காது. அங்கே பெடல்தான் முழு வேலையையும் செய்ய வேண்டும், பெரிய அரங்கின் ஒலியைப் போலச் செய்யும் ஹால் வகையும் அங்கேதான் பொருந்துகிறது. ஆனால் மிக்சரில் நிற்பவர் தம் பங்குக்கு எல்லா வழித்தடங்களிலும் எக்கோ போட்டுவிடுவது வழக்கம். இரண்டு ரிவர்ப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் எந்தப் பெடலும் நன்றாகக் கேட்காது. நிகழ்ச்சிக்கு முன்பே, “அண்ணா, ஸ்டீல் கிட்டாருக்கு மட்டும் எக்கோ போடாதீங்க, இங்கேயே இருக்குது” என்று சொல்லிவிடுவது எந்தப் பெடல் வாங்குவதைவிடவும் அதிகப் பலன் தரும்.

பெடலின் உட்பக்கத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, உள்ளே வரும் ஒலியின் உச்சத்தை அது சிதறாமல் தாங்க வேண்டும். ஸ்டீலின் பிக்கப்புகள் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றுபவை) சாதாரண கிட்டாரின் பிக்கப்புகளைவிடப் பெரும்பாலும் வலுவானவை. வலது காலை முழுக்க அழுத்தியபடி மூன்று தந்திகளைச் சேர்த்து மீட்டினால், பலவீனமான பெடலில் ஒலியின் விளிம்பு கரகரக்கும். எம்எக்ஸ்ஆர் எம்300 என்னும் ரிவர்ப் பெடல் உள்ளே மின்னழுத்தத்தை உயர்த்தி இந்தத் தாங்குதிறனைக் கூட்டுகிறது. அதில் திருகுகளும் மூன்றுதான். இரண்டாவது, நேரடி ஒலி எண்முறையாக மாற்றப்படாமல் அப்படியே கடந்து போகிறதா என்பது. டிசி எலக்ட்ரானிக் ஹால் ஆஃப் ஃபேம் அப்படிப்பட்டது, அதில் பிரீ-டிலேயை நீட்டும் ஒரு சிறு சுவிட்சும் உண்டு. நேரடி ஒலிக்கும் ரிவர்ப் தொடங்குவதற்கும் நடுவில் 30 மில்லி விநாடி இடைவெளி (இதுவே பிரீ-டிலே) இருந்தால் மீட்டல் தெளிவாகப் பிரிந்து கேட்கும். ஒலி அந்த நேரத்தில் சுமார் 10 மீட்டர் போய்விடும் என்பதால், சுவர் சற்றுத் தள்ளி இருப்பது போன்ற உணர்வும் வரும். பாஸ் ஆர்வி-6 பலரும் வாங்கும் உறுதியான பெடல். அதன் எட்டு வகைகளில் நமக்கு உதவுபவை பிளேட், ஸ்பிரிங், ரூம், ஹால் ஆகிய நான்கே. ஸ்ட்ரைமன் ஃபிளின்ட் தரத்தில் மேலானது, விலையும் பல மடங்கு. அதன் பாதி பக்கம் டிரெமோலோ (ஒலியளவை ஏற்றி இறக்கி அலையவிடுவது) என்பதை நினைவில் வைத்து முடிவு செய்ய வேண்டும். பெல்டன் பிரிக் என்னும் ஆயத்த ரிவர்ப் தொகுதியை வைத்துச் செய்யப்படும் மலிவான பெடல்கள் தாளக் கிட்டாருக்குப் போதும். ஸ்டீலின் நீண்ட ஸ்வரத்தில் அவற்றின் மணல் போன்ற பின்னொலி வெளியே தெரிந்துவிடும்.

இவற்றைக் கேட்டுப் பார்த்து வாங்க, காட்பாடியில் ரயிலேறிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போவதுதான் வழி. அங்குள்ள கடைகளிலும் பெடல் ஸ்டீல் இருப்பது அரிது. நம் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு போவதும் எளிதல்ல. வீட்டிலேயே ரிவர்ப் சற்றும் இல்லாமல் சில நிமிடம் வாசித்துப் பதிவு செய்துகொண்டு, அதை ஒரு சிறிய ஆடியோ இண்டர்ஃபேஸ் வழியாகக் கடையில் உள்ள பெடலுக்குள் செலுத்திக் கேட்கலாம். பதிவில் மேலே சொன்ன மிதிச் சோதனை இருக்கட்டும். பத்தாம் தந்தியின் தாழ்ந்த பி இருக்கட்டும், 123 ஹெர்ட்ஸ் அளவில் ஒலிக்கும் அந்தத் தந்திதான் ரிவர்ப் அடியில் குழம்புகிறதா என்பதைக் காட்டிக்கொடுக்கும். மீட்டிவிட்டுத் திடீரென்று கையால் அணைத்த ஸ்வரங்களும் இருக்கட்டும், அவற்றின் பின்னால் உலோக ரீங்காரம் வருகிறதா என்று கேட்கலாம். உச்சத்தைத் தாங்கும் திறனை மட்டும் இந்த முறையில் அறிய முடியாது. அதற்கு, திருப்பித் தர அனுமதிக்கும் கடையில் வாங்கி வீட்டில் சோதிப்பதே சரி. சோதிக்கும்போது ஆம்பின் சொந்த ரிவர்ப்பை முற்றிலும் மூடிவிட வேண்டும்.

மின்சாரத்தில் கவனம் தேவை. இவ்வகைப் பெடல்கள் பெரும்பாலும் 9 வோல்ட், நடுமுனை எதிர்மின் அமைப்பில் இயங்குபவை. ஆனால் எடுக்கும் மின்னோட்டம் வேறுபடும். நூறு மில்லி ஆம்பியருக்குள் அடங்குவனவும் உண்டு, ஸ்ட்ரைமன் போல 250 வரை கேட்பனவும் உண்டு. வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வந்த பெடலோடு அமெரிக்க அடாப்டர் இருந்தால், அது 230 வோல்ட்டையும் ஏற்குமா என்று அதன்மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் செருகக் கூடாது. ஜெனரேட்டரில் ஓடும் திருவிழா மேடைகளில், ஒவ்வொரு முனையும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட பவர் சப்ளை இரைச்சலை வெகுவாகக் குறைக்கும். அந்த சப்ளைப் பெட்டியை ஸ்டீலின் அடியில் வைக்காமல் ஒரு கை தூரமாவது தள்ளி வையுங்கள். சிங்கிள் காயில் பிக்கப் உள்ள வாத்தியம் பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் 50 ஹெர்ட்ஸ் ஹம்மை அப்படியே இழுத்துக்கொள்ளும், ரிவர்ப் அந்த ஹம்மையும் சேர்த்து நீட்டும்.