பள்ளிக்கூடத்தின் கார்பன் கணக்கை எழுதும் முறை

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் தமிழ்வழி வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். எங்கள் பள்ளியின் கார்பன் கணக்கை, அதாவது பள்ளி செலவழிக்கும் மின்சாரத்தாலும் எரிபொருளாலும் ஓராண்டில் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்பதை, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்தாம் எழுதுகிறார்கள். ஒரு நோட்டும் ஓராண்டு ரசீதுகளும் போதும், நீங்களும் தொடங்கிவிடலாம்.

மின்கட்டண ரசீதிலுள்ள யூனிட்டை 0.7-ஆல் பெருக்குங்கள், கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய எத்தனை கிலோ என்று தெரிந்துவிடும். பள்ளிப் பேருந்தின் டீசலுக்கு லிட்டருக்கு 2.7 கிலோ. கஞ்சிப்புரையின் (பள்ளிச் சமையலறையின்) சமையல் எரிவாயுவுக்குக் கிலோவுக்கு 3. சிலிண்டரின் எண்ணிக்கை மட்டும் போதாது, எடையையும் குறியுங்கள்: வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ, வணிக சிலிண்டரில் 19.

பிறகு, மாலை மணி அடித்ததும் அறை அறையாகப் போய்ப் பாருங்கள். நாங்கள் போனபோது ஆளில்லாத ஏழாம் வகுப்பில் நான்கு மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. சுவரில் நாள்காட்டித் தாள் படபடத்தது. எனக்கு நெஞ்சு வலித்தது. அன்றே அறைக்கொரு பிள்ளையைப் பொறுப்பாக்கினோம்.

பழைய விசிறி 75 வாட் இழுக்கும்; தூரிகையில்லாத மோட்டாரில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் போதும். அறுபது விசிறிகளை மாற்றி, நாளுக்கு 6 மணி நேரம், 200 நாள் ஓட்டினால் 3,240 யூனிட் மிச்சம். அதாவது இரண்டேகால் டன் கார்பன் டை ஆக்சைடு! சூரியத் தகடுகளைப் பற்றி அதன்பிறகு யோசியுங்கள்.

ஒப்பிடும்போது சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். மார்ச் வெயிலையும் ஜூன் மழையையும் பக்கத்தில் வைத்தால் கணக்குத் தவறிவிடும்.