வேலூர் வெயிலுக்கும் கரண்ட் கட்டுக்கும் தாங்கும் மீன்தொட்டி ஃபில்டர்: எதை வாங்குவது?

அக்வேரியம் கடையில் போய் "ஒரு ஃபில்டர் கொடுங்க" என்றால், தொட்டி எத்தனை அடி என்று மட்டும் கேட்டுவிட்டு ஒரு பெட்டியை எடுத்து நீட்டுவார்கள். அடிக்கணக்கு வேண்டியதுதான். நம் ஊருக்கு அதோடு இன்னும் இரண்டு கணக்கு இருக்கிறது. ஒன்று கத்திரி வெயில். இன்னொன்று, மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் போய்ச் சாயங்காலம் வரும் கரண்ட். சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில் இரண்டு தொட்டிகள் ஓடுகின்றன. இரண்டடித் தொட்டியில் கப்பியும் மோலியும், மூன்றடியில் கோல்டுஃபிஷ். இரண்டுக்கும் வேறு வேறு ஃபில்டர். தொட்டியை எங்கே வைப்பது, கல்லை எப்படிக் கழுவுவது என்பதெல்லாம் தெரிந்திருக்கும் என்று நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: லிட்டர் கணக்கு

நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் வரும். 2×1×1 அடித் தொட்டி ஏறக்குறைய 56 லிட்டர். கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக 45 முதல் 50 வரை நிற்கும். மோட்டார் ஃபில்டர் என்றால் மணிக்கு நான்கைந்து முறை தொட்டித் தண்ணீர் அதன் வழியே போய்வர வேண்டும் என்பது பொதுக் கணக்கு. அதாவது 200 முதல் 250 லிட்டர். பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். ஸ்பாஞ்சில் அழுக்கு ஏற ஏற ஓட்டம் குறையும். கொஞ்சம் கூடுதலாகவே பார்த்து வாங்குங்கள். ஃபைட்டர் மீன் மட்டும் இதற்கு விலக்கு; அந்த நீளத் துடுப்பை வைத்துக்கொண்டு அதனால் ஓட்டத்தை எதிர்த்து நீந்த முடியாது.

படி 2: வகை

ஃபில்டர் அழுக்கைப் பிடிப்பது பாதி வேலைதான். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் குடியிருப்பது அந்த ஸ்பாஞ்சில்தான். அவற்றுக்கும் ஆக்சிஜன் வேண்டும், மீனுக்கும் வேண்டும். தண்ணீர் சூடானால் ஆக்சிஜன் கரைவது குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் சொச்சம், 35 டிகிரியில் 7-க்குப் பக்கம். அதே சூட்டில் மீனின் தேவையோ ஏறும். மே மாதம் மத்தியானம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது இதனால்தான்.

அதனால் இரண்டடி வரைக்கும் என் ஓட்டு ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கே, அதிலும் இரட்டை ஸ்பாஞ்ச் வைத்தது. விலை குறைவு, குட்டி மீனை உறிஞ்சாது. மோட்டார் வெளியே இருப்பதால் அதன் சூடு தண்ணீரில் இறங்காது. தண்ணீருக்குள் முக்கி வைக்கும் பவர் ஃபில்டரில் அந்தச் சூடெல்லாம் தொட்டிக்குள்தான். சின்னத் தொட்டிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

கோல்டுஃபிஷ் அதிகம் கழிவு போடும் மீன். அதற்குத் தொட்டி விளிம்பில் வெளிப்பக்கம் தொங்கவிடும் ஹேங்கான் ஃபில்டர், கூடவே துணைக்கு ஒரு ஸ்பாஞ்ச். ஹேங்கானில் ஒரு கண் வேண்டும். வெயில் நாளில் நீர்மட்டம் சீக்கிரம் இறங்கிவிடும். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய் வந்தால், சில மாடல்கள் தண்ணீரை மேலே இழுக்க முடியாமல் காய்ந்த மோட்டாராகக் கடகடவென்று ஓடும். மட்டம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொட்டிக்கு வெளியே வைத்துக் குழாயால் இணைக்கும் கேனிஸ்டர் ஃபில்டர் பெரிய தொட்டிக்கும் செடி வளர்ப்பவர்களுக்கும் சரி. ஆனால் மூடிய டப்பா அது. மணிக்கணக்கில் நின்றால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகும். கரண்ட் வந்ததும் அந்தக் கெட்ட தண்ணீர் நேராகத் தொட்டிக்குள் வரும். நீண்ட நேரம் நின்றிருந்தால் திறந்து அலசிவிட்டுத்தான் போட வேண்டும். கல்லுக்கடியில் பதிக்கும் பழைய வகை வேண்டாம். அடியில் சேரும் கசடை எடுக்கத் தொட்டியையே கலைக்க வேண்டும்.

படி 3: செக் வால்வ்

புதிதாக மாட்டுபவர்கள் தடுமாறுவது இங்கேதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். ஏர் பம்பை ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் வைப்பது வழக்கம். கரண்ட் போனதும் ட்யூபில் காற்றின் அழுத்தம் நிற்கும். தண்ணீர் ட்யூபில் ஏறும். விளிம்பைத் தாண்டிவிட்டால் அப்புறம் தானாகவே கீழே இறங்கும். ஸ்பாஞ்ச் ஃபில்டரின் ட்யூப் முனை தொட்டியின் அடிவரை போவதால், கவனிக்காமல் விட்டால் தொட்டியில் பெரும்பகுதி தரைக்கு வந்துவிடும். பம்பும் போகும், பிளக்கில் தண்ணீர் பட்டால் ஆபத்தும் கூட.

இதற்குத்தான் செக் வால்வ். விரல்நுனி அளவு பிளாஸ்டிக், சில ரூபாய். ட்யூபைத் தொட்டிக்கு வெளியே, விளிம்புக்குப் பக்கத்தில் வெட்டி நடுவில் செருக வேண்டும். எந்தப் பக்கம் எது என்பதற்கு அம்புக்குறியைத் தேட வேண்டாம், பலவற்றில் அது இருக்காது. வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம் ஊதினால் காற்று போகும், மறுபக்கம் போகாது. எந்தப் பக்கம் வாய் வைத்து ஊதியபோது காற்று போனதோ, அந்தப் பக்கம் பம்பை நோக்கி இருக்கட்டும். மாற்றிச் செருகினால் குமிழியே வராது. பம்ப் போய்விட்டது என்று திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போகிறவர்கள் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மாட்டியதும் பிளக்கைப் பிடுங்கி, ட்யூபில் தண்ணீர் எதுவரை ஏறி நிற்கிறது என்று கொஞ்ச நேரம் பாருங்கள். உள்ளிருக்கும் ரப்பர் நாளடைவில் விறைத்துப்போகும், அவ்வப்போது மாற்றுங்கள். பம்பை நீர்மட்டத்துக்கு மேலே ஆணியில் தொங்கவிட இடமிருந்தால் இன்னும் நல்லது.

படி 4: ஓடவிட்டுக் காத்திருங்கள்

பாக்டீரியா நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதலில் இரண்டு மூன்று மீன், தீனியும் குறைவாக. தெரிந்தவர் தொட்டியில் நோயில்லாமல் ஓடும் பழைய ஸ்பாஞ்ச் ஒன்று கிடைத்தால் வாங்கி உள்ளே போடுங்கள், இந்தக் காலம் நன்றாகக் குறையும். கடையில் பாட்டிலில் விற்கும் பாக்டீரியா திரவத்தைவிட எனக்கு அதில்தான் நம்பிக்கை.

ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். மாநகராட்சித் தண்ணீரில் இருக்கும் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தண்ணீர் மாற்றும்போது எடுத்த பழைய தண்ணீரிலேயே பக்கெட்டில் இரண்டு பிழி பிழிந்தால் போதும். வெள்ளை வெளேரென்று ஆக வேண்டிய அவசியம் இல்லை.

பிற்சேர்க்கை

கரண்ட் இல்லாத நாளில் என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். ஏர் பம்புக்கு மூன்று நான்கு வாட் போதும், வீட்டு இன்வெர்ட்டர் லைனிலேயே போடலாம். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு மீனுக்குத் தீனி வேண்டாம்.

போர் தண்ணீர் ஊற்றுகிற வீடுகளில் ஃபில்டர் மோட்டாருக்குள் தண்ணீரைத் தள்ளும் விசிறியில் உப்பு படிந்து சத்தம் வருகிறதாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு விசிறியைக் கழற்றி, வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத்பிரஷால் தேயுங்கள். நன்றாக அலசிய பிறகு மாட்டுங்கள்.