மெயின்பிரேமை எடுத்துவிட்டு பிளாக்செயின் வைக்கச் சொன்னால் என்ன செய்வது?

வங்கிக் கணக்குகளை ஓட்டும் பெரிய மையக் கணினிதான் மெயின்பிரேம். பல கணினிகள் ஒரே பதிவேட்டின் நகலை வைத்துக்கொண்டு, கூடி ஒப்புக்கொண்டு எழுதும் முறை பிளாக்செயின். வங்கி மேலிடத்திலிருந்து இப்படி ஒரு யோசனை வந்தால் முதலில் இதைக் கேளுங்கள்: இந்தப் பதிவேட்டில் யார் யார் எழுதப்போகிறார்கள்?

உங்கள் வங்கி மட்டும்தான் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஒரு சேமிப்புக் கணக்கின் இருப்பைப் பல கணினிகள் கூடி ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, நல்ல டேட்டாபேஸ் போதும். ஒருவரையொருவர் முழுசாக நம்பாத பல நிறுவனங்கள் சேர்ந்து எழுதும் இடமா? அப்போதும் அவசரம் வேண்டாம். ஆஸ்திரேலியப் பங்குச்சந்தை, 1994 முதல் ஓடும் 'செஸ்' என்ற அமைப்பை (பங்கு வாங்கியவர், விற்றவர் கணக்கை நேர்செய்வது) பிளாக்செயின் வகைக்கு மாற்றப்போவதாக 2017 டிசம்பரில் அறிவித்தது. 2022 நவம்பரில் அதைக் கைவிட்டபோது நஷ்டமாக எழுதிக்கழித்த தொகை சுமார் 25 கோடி ஆஸ்திரேலிய டாலர். மறு வருடம் டி.சி.எஸ். மென்பொருளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சரி, மாற்றியே ஆக வேண்டும் என்றால், எந்தத் தொழில்நுட்பமானாலும் முக்கால்வாசி வேலை பழைய விதிகளைத் தோண்டி எடுப்பதுதான். நான் மெயின்பிரேமில் ஓடும் பழைய கணினி மொழியான கோபோலில் எழுதிய நிரல்களோடு காலம் தள்ளியவன், அதனால் சொல்கிறேன். 2010 ஏப்ரல் 1 முதல் சேமிப்புக் கணக்கு வட்டி தினசரி இருப்பின்மேல் கணக்காகிறது. அதற்கு முன் மாதம் 10-ஆம் தேதியிலிருந்து கடைசி நாள் வரை இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. பழைய கணக்கு ஒன்றில் தகராறு வந்தால் அந்த விதியும் வேண்டும். பெரும்பாலும் அது எந்த ஆவணத்திலும் இருக்காது, நிரலில் 'இப்படியானால் இப்படிச் செய்' என்று சொல்லும் ஒரு இஃப் வரிக்குள் ஒளிந்திருக்கும். நாள்முடிவில் கணக்குகளை மொத்தமாகச் சரிசெய்யும் பேட்ச் வேலையை ஓட்டும் ஆபரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, அதிலுள்ள ஒவ்வொரு ஜாபும் (தனி நிரல் வேலையும்) எதற்கு ஓடுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். கன்சல்டன்ட் தரும் வண்ணப் படங்களைவிட அந்த நோட்டுக்கு மதிப்பு அதிகம்.

அப்புறம், தவறான வரவை எப்படித் திருப்புவது, நீதிமன்றம் முடக்கச் சொன்ன கணக்கை எப்படி நிறுத்துவது என்று விற்பனையாளரைச் செய்து காட்டச் சொல்லுங்கள். அழிக்க முடியாத பதிவு என்று பெருமையாகச் சொல்வார்கள். அதனாலேயே வாடிக்கையாளர் பெயர், முகவரியைப் பிளாக்செயினுக்குள் ஏற்ற விடாதீர்கள்.

கடைசியாக, பழையதையும் புதியதையும் சேர்த்து ஓட்டும் காலத்தில் நிதியாண்டு முடியும் ஒரு மார்ச் 31 கட்டாயம் வர வேண்டும். வட்டியில் ஒரு பைசா வித்தியாசம் வந்தால் ரவுண்டிங் என்று விட்டுவிடாதீர்கள். பத்து லட்சம் கணக்குக்கு அது பத்தாயிரம் ரூபாய், ஆடிட்டர் நிச்சயம் கேட்பார்.