தோட்ட லயங்களுக்குத் தடுப்பூசி கொண்டு செல்லும் முறை

கேரளத்தின் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களின் தேயிலைத் தோட்ட லயங்களில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) தடுப்பூசி முகாம் நடத்தப் புதிதாகப் பணிக்கு வந்திருக்கும் தமிழ்ச் சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன்.

ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி கிடைக்க உதவும் உலகக் கூட்டணியாக 2000-இல் தொடங்கப்பட்ட ‘காவி’ (Gavi) அமைப்பின் உதவியோடுதான் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி, அரசுத் திட்டத்தில் முதன்முதலாக 2011 டிசம்பரில் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அறிமுகமானது. குளிர்பெட்டியின் வெப்பநிலை எல்லை மீறினால் பொறுப்பாளரின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் ஈவின் (eVIN) என்னும் மின்னணுக் கண்காணிப்பு ஏற்பாட்டையும், அந்தக் கூட்டணியின் நிதியைக் கொண்டு ஐ.நா. வளர்ச்சித் திட்டம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆனால், சுகாதார நிலையத்தின் வாசலைத் தாண்டி ஜீப் ஏறிவிட்டால் அந்தக் கருவி உடன் வராது; மடியில் இருக்கும் கேரியருக்கு, அதாவது தடுப்பூசிகளைக் குளிரோடு எடுத்துச்செல்லும் பெட்டிக்கு, நாமே பொறுப்பு.

எல்லோரும் வெயிலுக்கு அஞ்சுகிறார்கள். நான் உறைதலுக்கே அதிகம் அஞ்சுகிறேன். பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ் பி, டி.டி. (Td: டெட்டனஸ், டிப்தீரியா தடுப்பூசி) ஆகியவை ஒருமுறை உறைந்தால் வீரியம் இழந்துவிடும். சூடு பட்டதைக் காட்டிக்கொடுக்கும் குப்பியின் நிறக்குறி, உறைந்ததைக் காட்டாது. ஆகவே ஐஸ் பேக்குகளை உறைபெட்டியிலிருந்து எடுத்தவுடன் கேரியரில் வைக்காதீர்கள். மேசைமேல் பரப்பி, அவை வியர்க்கும்வரை காத்திருந்து, ஒவ்வொன்றையும் காதருகே பிடித்துக் குலுக்குங்கள். உள்ளே தண்ணீர் அலம்பும் ஓசை கேட்ட பிறகே துடைத்து, நான்கையும் சுவரோரமாக நிறுத்தி, குப்பிகளைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு நடுவில் வையுங்கள். மூணாறில் உறைபனி விழும் ஜனவரிக் காலையில் இதற்கு நெடுநேரம் பிடிக்கும். ஓட்டுநர் ஹாரன் அடித்தாலும் அவசரப்படாதீர்கள். நான் ஒருமுறை அவசரப்பட்டு, ஒரு முகாமின் பென்டாவேலன்ட் முழுவதையும் திருப்பிக் கொண்டுவர நேர்ந்தது. தாய்மார்களின் அரைநாள் கூலி போனது இன்றும் மனதை உறுத்துகிறது.

ஐயம் எழுந்தால் குலுக்கல் சோதனை செய்யுங்கள். அதே தயாரிப்பாளரின் அதே தொகுதி எண் கொண்ட ஒரு குப்பியை வேண்டுமென்றே உறையவைத்து, உருகியபின் ஐயத்துக்குரிய குப்பியோடு சேர்த்துக் குலுக்கிச் சமதளத்தில் வையுங்கள். இரண்டிலும் கசடு ஒரே வேகத்தில் படிந்தால், அல்லது ஐயத்துக்குரியதில் இன்னும் விரைவாகப் படிந்தால், அந்தத் தடுப்பூசியைப் பயன்படுத்தக் கூடாது.

நிறக்குறியில் உள்சதுரம் வெளிவட்டத்தைவிட வெளிறியிருக்க வேண்டும். முகாமில் கேரியரை நிழலில் வைத்து, தேவைக்கு மட்டும் திறவுங்கள்.

தட்டம்மை–ரூபெல்லா மருந்தைக் குழந்தை வந்தபிறகே கரைத்து, கரைத்த நேரத்தைக் குப்பியில் எழுதிவிடுங்கள். நான்கு மணி நேரத்துக்குமேல் அதை வைத்திருக்கக் கூடாது. ஆதலால், பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் நேரத்தைக் கங்காணியிடம் (தோட்ட மேற்பார்வையாளரிடம்) முன்கூட்டியே கேட்டறிந்து, பெண்கள் லயத்துக்குத் திரும்பும் அந்த இடைவேளையில் எல்லாக் குழந்தைகளும் ஒன்றாக வந்துசேரும்படி முகாமை அமைத்துக்கொள்ளுங்கள்.