பீரோவில் தூங்கும் பட்டுப்புடவைகளுக்கு

மனைவி போய் இரண்டு வருஷம் அவள் பீரோவை நான் திறக்கவேயில்லை. மகள் தன் வளைகாப்புக்கு அம்மாவின் அரக்குக் கலர் காஞ்சிப்பட்டு வேண்டும் என்றாள். எடுத்துப் பிரித்தால், மடிப்பு விழுந்த இடமெல்லாம் பட்டு இற்று நூல் நூலாக வந்தது. சரிகையும் கறுத்திருந்தது, அசல் சரிகையில் வெள்ளி இருக்கிறதே, ஈரம் பட்டால் கறுக்கத்தான் செய்யும். கடை கொடுத்த பிளாஸ்டிக் கவரோடு வைத்தது என் தப்பு.

மீதியை இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து உதறி, நிழலில் ஒரு மணி நேரம் காற்றாட விடுகிறேன். வெயில் ஆகாது, நிறம் வெளுக்கும். பிறகு பழைய மடிப்பை மாற்றி மடித்து, துவைத்துக் காய்ந்த பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைக்கிறேன். கையில் ஈரமோ எண்ணெய்ப் பசையோ இருக்கக்கூடாது. அந்துருண்டையைப் புடவைமேல் நேராகப் போடாதீர்கள். அவள் வசம்பைத் துணியில் முடிந்து மூலையில் வைப்பாள், அதுவே போதும்.

ஆறு கஜத்தைத் தனியாளாக மடிக்க எனக்கு வரவில்லை. அவள் இருந்தவரை மறுமுனையைப் பிடிப்பது மட்டும்தான் என் வேலை. இப்போது மாப்பிள்ளை பிடிக்கிறார்.